ரோடு மூடியாச்சு

அப்பா எழுபதுகளின் கடைசியில் மன்னார்குடியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி சோழவரம் போய் பைக் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவர். யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம், மண்டையைப் பிளக்கும் வெயில், எரிந்த ஆயில் வாசனை. களத்தில் நெல் அளக்கும்போதுகூட அந்தக் கதை வரும். கதை முடிகிற இடத்தில் எப்போதும் ஒரு பெருமூச்சு விடுவார். "இதெல்லாம் என்னடா, ஐல் ஆஃப் மேன்ல ஊர் ரோட்டுலயே ஓட்டுறான்."

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கிற சின்னத் தீவு அது. ஊர் ரோட்டை மூடிவிட்டு அங்கே பைக் ரேஸ் நடத்துவார்கள். ஊர் ரோட்டிலேயே. அந்த ஒரு வார்த்தையை நான் சின்ன வயதிலிருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பைக் கிளப்பில் பாதிப் பேர் ஆர்எக்ஸ் 100, மீதிப் பேர் புல்லட். 2019 தீபாவளி முடிந்த கையோடு ஆறு பேர் சேர்ந்து அந்த ரேஸைப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஒரு சீட்டு ஆரம்பித்தோம், மாதம் ஆளுக்கு எட்டாயிரம். கொரோனாவில் 2020, 2021 இரண்டு வருஷமும் ரேஸே நடக்கவில்லை. சீட்டு மட்டும் விட்டு விட்டு ஓடியது. கடைசியில் 2023 ஜூன். எல்லார் வீட்டிலும் ஒரே நிபந்தனை: 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வருவதற்குள் ஊரில் இருக்க வேண்டும். குறுவை நாற்றங்காலை விட்டுவிட்டு யாரும் ரேஸ் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

விசா, விமானம், வாடகை வேன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் ஹேஷம் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். அடித்தட்டில் நூற்றுக்கணக்கான பைக்குகளைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள், சந்தைக்குப் போகும் மாடுகள் மாதிரி ஒன்றோடொன்று சாய்ந்து. நாலு மணி நேரம் கடல். எங்கள் ஆறு பேரில் நாலு பேருக்கு வாந்தி. தீவின் டக்ளஸ் துறைமுகம் தெரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

இனி ரோடு பற்றி. ஒரு சுற்று 60.72 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வையுங்கள். நம் பஸ்ஸுக்கு அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1911-லிருந்து இந்த மலைச்சுற்றில்தான் ஓட்டுகிறார்கள். வீடு, கல் சுவர், தபால் பெட்டி, சர்ச், பாலம், மலை எல்லாம் இருநூறுக்கு மேற்பட்ட வளைவுகளில் வந்துவிடும். காலையில் பால் வண்டியும் ஸ்கூல் பஸ்ஸும் போன அதே தார். எல்லோரும் கூட்டமாகக் கிளம்புவதில்லை. பத்து விநாடிக்கு ஒருவராக அனுப்புவார்கள், ஓட்டுகிறவன் கடிகாரத்தோடுதான் மோதுகிறான்.

போன பிறகுதான் எனக்குப் புரிந்தது, இது மைதானத்து விளையாட்டு இல்லை, தேரோட்டம். திருவாரூரில் ஆழித்தேர் நகரும் அன்றைக்கு வீதி என்ன ஆகும்? கடைக்காரன் தட்டியை எடுத்துவிடுவான், கரண்ட் கம்பி கழற்றப்படும், திண்ணையிலும் மாடியிலும் சொந்தபந்தம் நிறையும். இங்கேயும் அப்படித்தான். தோட்டத்து வேலிக்குள் நம்மைக் கூப்பிட்டு நாற்காலி போடுகிறார்கள். சர்ச் முற்றத்தில் பாட்டிமார் டீயும் கேக்கும் விற்கிறார்கள், அந்தக் காசு சர்ச்சுக்கு. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் எப்படியோ, அப்படி இங்கே மார்ஷல்கள். ஆரஞ்சு மேல்சட்டை போட்டு ஒவ்வொரு வளைவிலும் நிற்பார்கள், சம்பளம் கிடையாது. அவர்கள் போதுமான எண்ணிக்கையில் நிற்காவிட்டால் ரேஸ் தொடங்காது.

2001-இல் ரேஸ் நடக்கவில்லை. பிரிட்டனில் கோமாரி பரவிய வருஷம் அது. கூட்டம் வந்தால் தீவின் ஆடுமாடுகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்று நிறுத்திவிட்டார்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் கூடாரம் போட்ட மைதானத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர். கோமாரி வந்த மாட்டின் வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்தவன் நான். அந்த ஊர்மேல் எனக்கு மரியாதை வந்த இடம் அதுதான்.

என் மாமா பையனும் கூட வந்திருந்தான். 2016 தை அறுவடை சமயம், அம்மாப்பேட்டைக்கு இந்தப் பக்கம், ராத்திரி பதினோரு மணிக்கு ரோட்டில் காயப் போட்டிருந்த நெல்லில் வழுக்கி விழுந்தவன். நெல்லைச் சுற்றி வைத்திருந்த கருங்கல் வரிசை முட்டியை நொறுக்கிவிட்டது. பிளேட் வைத்த காலோடுதான் இன்றைக்கும் நடக்கிறான். நெல் காயப் போட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. களம் இல்லாதவர் எங்கே போவார்? அன்றைக்குப் பந்தயம் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். முன்னால் போன வண்டி என்னுடையது. நான் நெல்லைப் பார்த்து ஒதுங்கிவிட்டேன். பின்னால் வருகிறவனுக்குக் கையைக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு மார்ஷல் அவனுக்குக் கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து. சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் ரோடு வழுக்குகிறது என்று அர்த்தம். மாப்பிள்ளை அந்தக் கடைசிக் கொடியைக் கையில் வாங்கி ஓரத் தையலைத் தடவிப் பார்த்தான். பருத்தித் துணி இல்லை, வழவழவென்று இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம், "அத்தான், நெல்லுக்கு இந்தக் கொடிதான் போல" என்றான். ஏழு வருஷத்தில் அந்த ராத்திரி பற்றி அவன் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

அதே செவ்வாய்க்கிழமை, ஜூன் 6, ஸ்பெயினைச் சேர்ந்த ரவுல் டோராஸ் மார்டினெஸ் பந்தயத்தில் இறந்துபோனார். சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. இந்தச் சுற்றில் இதுவரை 260 பேருக்கு மேல் இறந்துபோயிருக்கிறார்கள். இவ்வளவு கொடியும், விளக்குக் கம்பங்களில் மெத்தையும், ஹெலிகாப்டரும், டாக்டரும் இருந்தும் அத்தனை பேர். அன்று ராத்திரி யாரும் புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறக்கவில்லை. இதை நிறுத்திவிட வேண்டும் என்று எங்களில் ஒருத்தர் சொன்னார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தெரிந்தே வருகிறார்கள், ஊரே சுற்றி நின்று காவல் காக்கிறது. ஆனால் யாரும் காவல் நிற்காத நம் ரோட்டில், எதிரே டவுன் பஸ் வருகிற ரோட்டில், அந்த வேகத்துக்கு ஆசைப்படுவதை என்னால் இனி ஏற்க முடியாது. கிளப் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எங்கள் ராத்திரி ஓட்டம் நின்றது.

ஜூன் 9 வெள்ளிக்கிழமை கிர்க் மைக்கேல் கிராமத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தோம். நல்ல வெயில். ரோடு மூடியாச்சு என்று அறிவித்ததும் ஒரு நிசப்தம். குருவிச் சத்தம், யாரோ கப்பைக் கீழே வைக்கிற சத்தம், ஜன்னலில் தீவின் மேங்ஸ் ரேடியோ. எல்லோரும் ஒரே பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற அன்றைக்கு நாம் மதகுப் பக்கம் நிற்கிற மாதிரி. முதலில் தூரத்தில் ஒரு ரீங்காரம், குளவி மாதிரி. அது சுவருக்குச் சுவர் மோதி, கும்மென்று அடர்ந்து, பிறகு வயிற்றுக்குள் இறங்கும். வண்டியைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு நிறம் போனது. வேலிச் செடியின் இலைகள் அது போன பக்கமாகச் சாய்ந்தன. முகத்தில் காற்று அடித்தது. அதற்குள் அடுத்த ரீங்காரம்.

அன்றைக்குத்தான் பீட்டர் ஹிக்மன் பிஎம்டபிள்யூவில் சுற்றுச் சாதனையை உடைத்தார். 16 நிமிடம் 36 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 136.358 மைல், நம் கணக்கில் 219 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் சூப்பர்ஸ்டாக் வண்டியில், கடையில் விற்கிற வண்டிக்கு நெருக்கமான வகையில். ரேடியோவில் சொன்னதும் தோட்டத்துப் பாட்டி எழுந்து நின்று கைதட்டினார். மாப்பிள்ளை விசிலடித்தான்.

சனிக்கிழமை கடைசிப் பெரிய பந்தயமான சீனியர் ரேஸையும் ஹிக்மனே ஜெயித்தார், கிரெக்-நி-பா என்கிற வளைவிலிருந்து பார்த்தோம். மறுநாள் கிளம்பும்போது தேவதைப் பாலம் வந்தது. அதைத் தாண்டும்போது அங்கே குடியிருக்கும் தேவதைகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். எல்லைச்சாமியைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஆறு பேரும் சத்தமாக "வணக்கம்" சொன்னோம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா நாற்றங்காலில் இருந்தார். வரப்பில் உட்காரவைத்து போனைக் காதருகில் பிடித்தேன். தோட்டத்தில் பதிவு செய்த சத்தம். முதல் நாற்பது விநாடி குருவிதான். அப்பா பொறுமையாகக் கேட்டார். ரீங்காரம் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி கடந்தது.

"நாலு சிலிண்டர்" என்றார். பிறகு, "இன்னொருவாட்டி போடு."