யோசித்த பிறகு வைத்த பாஸ்

போன பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் டைரக்டராக, அதாவது நடுவராக, நான் கொடுத்த ஒரு தீர்ப்பை மனசு இன்னும் விடமாட்டேன் என்கிறது. எதிரெதிரே உட்காரும் சவுத்தும் நார்த்தும் ஒரு ஜோடி, வெஸ்டும் ஈஸ்டும் இன்னொரு ஜோடி. ஏலத்தில் சவுத் 1 ஹார்ட், வெஸ்ட் 1 ஸ்பேட், நார்த் 2 ஹார்ட், ஈஸ்ட் நேராக 4 ஸ்பேட். சவுத்தின் கை பிட்டிங் பாக்ஸ் (ஏலச் சீட்டுகள் இருக்கும் பெட்டி) மேல் அப்படியே நின்றது, டபுள் சீட்டு (எதிரணி ஏலம் கேட்டதற்குப் புள்ளியைக் கூட்டும் சவால்) வரை போய்த் திரும்பி, கடைசியில் பாஸ். வெஸ்டும் பாஸ். நார்த் 5 ஹார்ட் வைத்தார். உடனே "டைரக்டர்!" என்று குரல்.

5 ஹார்ட் டபுளாகி ஒன்று டவுன், அதாவது சொன்னதில் ஒரு பிடி குறைவு, வெறும் 100 புள்ளிதான் நஷ்டம். நான் 5 ஹார்ட்டை ரத்து செய்து, ஆட்டத்தை 4 ஸ்பேடுக்கே திருப்பி, அது ஜெயித்ததாக எதிரணிக்கு 620 புள்ளி கொடுத்தேன்.

நார்த் பெரியவர். "அவர் யோசிச்சதை நான் கவனிக்கவே இல்லைங்க, ஸ்பேடில் ஒரே சீட்டு, ஹார்ட்டில் நாலு, வேற என்ன பண்றது?" என்றார். நான் அவரை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் விதி அவர் மனசைக் கேட்பதில்லை. அதே தரத்து ஆட்டக்காரர்கள் அந்தக் கையோடு, அதாவது நார்த்திடம் இருந்த சீட்டுகளோடு, பாஸ் வைக்கவும் வாய்ப்பு இருக்கிறதா, பார்ட்னரின் தயக்கம் 5 ஹார்ட் பக்கம் தள்ளுகிறதா, அவ்வளவுதான் கேள்வி. கையை மட்டும் காட்டிச் சிலரிடம் விசாரித்தேன், பாஸ் என்றவர்களும் இருந்தார்கள். தீர்ப்பு சரிதான்.

அப்புறம்தான் சவுத் கேட்டார்: "அப்போ நான் யோசிச்சதே தப்பா சார்?"

"யோசிக்கலாம் சார், ஆனா அதைப் பார்த்து பார்ட்னர் முடிவெடுக்கக் கூடாது" என்றேன். சட்டப்படி அதுதான் பதில். ஆனால் பார்க்காமல் எப்படி இருப்பார்? பார்ட்னரிடம் பேச பிரிட்ஜில் 38 வார்த்தைதான், 35 பிட் (ஏலக் கேள்வி), பாஸ், டபுள், ரீடபுள். வேகமும் தயக்கமும் அதில் சேராது என்கிறோம், ஆனால் பல வருஷம் எதிரே உட்கார்ந்தவருக்கு அது கேட்காமல் இருக்குமா? உலகப் போட்டியில் 1975-லேயே பார்ட்னர்கள் ஒருவரையொருவர் பார்க்காதபடி நடுவில் திரை வைத்துவிட்டார்கள், திரை இருந்தால் சவுத்தும் வெஸ்டும் ஒரே பக்கம், தாமதம் சவுத்தாலா வெஸ்டாலா என்று நார்த்துக்குத் தெரியாது. எங்கள் ஹாலில் திரை கிடையாது.

4 ஸ்பேடுக்கு மேல் எந்தக் கையோடு பாஸ், எந்தக் கையோடு டபுள் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் சவுத் இவ்வளவு திணறியிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு பேசி வைத்தாலும் யோசிக்க வைக்கிற கை வராமல் போகாது, அதற்குத்தானே இந்த ஆட்டத்தை ஆடுகிறோம். அவர்கள் அப்பீல் செய்யவில்லை. செய்திருக்கலாம், வேறு சிலரும் அந்தக் கையைப் பார்த்திருப்பார்கள்.