சதவீதக் குறிக்குப் பின்னால் ஒரு வரி

"தீட்டா13 வேறு எந்த மதிப்பில் வந்திருந்தாலும் இந்த மாடல் அதற்கும் ஒத்துப்போயிருக்கும்." நியூட்ரினோக்கள் ஒன்றோடொன்று கலக்கும் மூன்று கோணங்களை விளக்கும் எங்கள் பேப்பரின் டிராஃப்டில், நான்காம் பகுதியை என் மாணவி இப்படி முடித்திருந்தாள். அந்தக் கோணங்களில் ஒன்றுதான் தீட்டா13.

"இந்த வரி வேண்டாம்மா" என்றேன்.

"தப்பா சார்?"

"தப்பில்லை. இங்க தேவையில்லை."

சரி என்று தலையாட்டினாள். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அந்தத் "தப்பில்லை"யை நான் இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் மாடலின் அடிப்படை ஏ4 என்ற சமச்சீர்மைக் குழு; அதில் 12 உறுப்புகள்தான். மூன்று தலைமுறை லெப்டான்களையும் (எலெக்ட்ரான், மியூவான், டா, அவற்றின் நியூட்ரினோக்கள்) ஒரே மும்மையாக அதில் உட்கார வைக்கலாம் என்று 2001-ல் இயற்பியலாளர்கள் மாவும் ராஜசேகரனும் காட்டினார்கள். பின்னால் வந்த எளிய மாடல்களில், மின்னூட்ட லெப்டான் பக்கம் இசட்3 என்ற சிறு துணைக்குழுவும், நியூட்ரினோ பக்கம் இசட்2 என்ற இன்னொன்றும் மிஞ்சும்படி சமச்சீர்மையை உடைத்தால், கோணங்கள் தாமாகவே வந்து விழும்: தீட்டா23 45 டிகிரி, தீட்டா12 35.3 டிகிரி, மூன்றாவதான தீட்டா13 சுழியம். அந்த அழகில் மயங்கித்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். 2012 மார்ச்சில் சீனாவின் தயா பே நியூட்ரினோ சோதனை, மூன்றாவது கோணம் சுழியமில்லை, ஏறக்குறைய 9 டிகிரி என்று 5.2 சிக்மா உறுதியோடு அறிவித்தது. அப்புறம் எல்லாரும் திருத்தம் போட ஆரம்பித்தோம்.

எங்கள் திருத்தம், இசட்3-ஐக் கொஞ்சம் உடைப்பது. எலெக்ட்ரானும் மியூவானும் 12 டிகிரி அளவுக்குக் கலந்தால் தீட்டா13 எட்டரை டிகிரிக்கு வந்துவிடும். ஆனால் மியூவான் எலெக்ட்ரானாகச் சிதைந்து ஃபோட்டானை உமிழாமல் தடுத்து வைத்திருந்ததும் அதே இசட்3-தான். அதை உடைத்தால் அந்தக் கதவும் திறந்துவிடுகிறது. 10 லட்சம் கோடி மியூவான்களில் நாலைந்துக்கு மேல் அப்படிச் சிதையக்கூடாது என்பது மெக் சோதனை 2016-ல் வைத்த வரம்பு. மாடலின் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்த அவளுடைய முதல் ஸ்கேனில், ஒரு மூலையில் சில நீலப் புள்ளிகள்தான் அந்த வரம்புக்குத் தப்பின. "ஃப்ளேவான் நிறையை ஏற்றிப் பார்" என்றேன். ஃப்ளேவான் என்பது சமச்சீர்மையை உடைக்கும் துகள். அதன் நிறையை ஏற்றியதும் அந்தச் சிதைவு அடங்கிவிட, எவ்வளவு கலந்தாலும் மாடல் தப்பியது: படம் முழுக்க நீலம். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டிராஃப்டில் அந்த வரி இருந்தது.

நான் தடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே நடுவர் பேப்பரைத் திருப்பியிருப்பார். அவள் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வேறு. அதோடு, மாடல் வெறுமையானதும் இல்லை. எங்கள் மாடலில் தீட்டா12 என்பது 35.3-ஓடு தீட்டா13 பெருக்கல் கொசைன் டெல்டாவைக் கூட்டினால் வருவது; டெல்டா என்பது நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் வேறுவேறாக நடந்துகொள்ளக் காரணமாகும் கோணம். அளந்த மதிப்பு 33.5-க்குப் பக்கம் என்பதால் கொசைன் டெல்டா கிட்டத்தட்ட மைனஸ் 0.2 ஆக இருந்தாக வேண்டும். டூன், ஹைப்பர் கமியோகாண்டே என்ற நியூட்ரினோ சோதனைகள் டெல்டாவை அளக்கும்போது எங்கள் மாடல் செத்துப்போகலாம். சாகக்கூடிய மாடலை எதற்கும் வளைந்துகொடுப்பது என்று சொல்வது நியாயமா?

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. எலெக்ட்ரானை மியூவானோடு கலக்காமல் டாவோடு கலந்திருந்தால் அந்தக் கொசைனின் குறியே மாறியிருக்கும். எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்தது ஏ4 இல்லை, நான். அவளுக்கு அது தெரியும். இதையெல்லாம் அன்றைக்கே உட்கார்ந்து அவளோடு பேசியிருக்கலாம். "தேவையில்லை" என்று முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்த மாதிரிக் கேள்வி எதையும் என்னிடம் கேட்கவே இல்லை.

போன மாதம் ஒரு சமன்பாட்டைச் சரிபார்க்க, ஆய்வுப் பேப்பர்களை எல்லாரும் படிக்க ஏற்றிவைக்கும் ஆர்க்கைவ் தளத்திலிருந்து அந்தப் பேப்பரின் லேடெக்ஸ் மூலக்கோப்பை இறக்கினேன். அதில் ஒரு சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதுவது கமென்ட்; அது அச்சில் வராது, மூலக்கோப்பில் மட்டும் இருக்கும். ஏற்றும் முன் கமென்ட்களை எல்லாம் நீக்கிவிடு என்று மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். அவளும் நீக்கியிருந்தாள், ஒன்றைத் தவிர. நான்காம் பகுதி முடிவில், ஒரு சதவீதக் குறிக்குப் பின்னால், அந்த வரி அப்படியே இருந்தது. மறந்துவிட்டாளா, விட்டுவைத்தாளா? கேட்டு எழுத இரண்டு முறை மின்னஞ்சலைத் திறந்தேன். இன்னும் அனுப்பவில்லை.