மலை ஏறும் ஜீப்புக்கு டீசல் டேங்க்

கோத்தகிரியில் ஓடும் என் பழைய மகேந்திரா ஜீப்பில் டேங்க் இருப்பது டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே. வில்லிஸ் காலத்திலிருந்து வந்த அமைப்பு. அங்கே ஒழுகினால் கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். அடி மடிப்பில் ஊசித்துளை. முதலில் பார் சோப்பு, அப்புறம் எம்-சீல் என்று எல்லா ஜீப்காரர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆனால் ஒழுகலைவிடப் பெரிய தொல்லை வேறு: ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு வந்தாலே இன்ஜின் திணறும், ஃபில்டர் சீக்கிரம் சீக்கிரம் அடைக்கும்.

ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றி முதலில் வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். சற்று நேரத்தில் மூன்று அடுக்காகப் பிரிந்தது. அடியில் துருச் சிவப்பில் தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவே பால் ஏடு மாதிரி கருப்பாக ஒரு படலம். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் வளரும் கிருமிகளின் வேலை அது. பகலில் வெயில், ராத்திரி குளிர், ஐப்பசி கார்த்திகையில் ஓயாத மஞ்சு. பாதி காலியான டேங்க் அந்த ஈரக் காற்றை இழுத்து உள்சுவரில் வேர்க்க வைக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கி, மடிப்பை அங்கேயே அரிக்கும்.

டிங்கரிங் தம்பி, "டீசல் டேங்க் தானுங்கண்ணா, வெல்டிங் பத்த வெச்சுரலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். வேண்டாம் என்றேன். காலி டேங்கில் ஒட்டியிருக்கும் டீசல் சூடானால் ஆவியாகும்; மூடிய தகரப் பெட்டிக்குள் அந்த ஆவியும் காற்றும் நெருப்பும் சேர்வது விளையாட்டு இல்லை. சரி, புது டேங்க்தான்.

கோவை உக்கடத்தில் பழைய ஒரிஜினல் டேங்குகள் கிடைத்தன. வெளியே எல்லாம் பளபளவென்று கருப்பு பெயின்ட். நூலில் ஒரு காந்தத்தைக் கட்டி உள்ளே இறக்கினால் துருச் செதில் அப்பிக்கொண்டு வருகிறது. அதோடு அந்த யோசனையை விட்டேன். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் அடித்தால் மலிவு, துருவும் பிடிக்காது என்றார்கள். தண்ணீர்த் தொட்டிக்குச் சரி, டீசலுக்கு ஆகாது. மேலே பூசிய துத்தநாகம் டீசலில் கரைந்து, சோப்பு மாதிரியான பிசுக்காகி ஃபில்டரை அடைக்கும். நான் தப்பிக்கப் பார்ப்பதே அந்த அடைப்பிலிருந்துதான். கடைசியில் 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 1.5 மி.மீ. தகடு, கோவையில் ஆர்கான் வெல்டிங் என்று முடிவானது.

தகடு முடிவானதும் வேலை பாதி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் உண்மையான கேள்வி, டீசலை இன்ஜினுக்கு உறிஞ்சும் சக்‌ஷன் பைப் எங்கே நிற்கிறது என்பது. நீளம் 50 செ.மீ., அகலம் 40, உயரம் 20 என்றால் 40 லிட்டர். நாலுக்கு ஒன்று ஏற்றத்தில் வண்டி நின்றால், 50 செ.மீ. நீளத்துக்குள் டீசல் மட்டம் பன்னிரண்டரை செ.மீ. சாயும். உள்ளே 12.5 லிட்டர் இருக்கும்போதே முன் ஓரம் காய்ந்துவிடும். பைப் முன்னால் இருந்தால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு டீசலை வைத்துக்கொண்டே வண்டி காற்றைக் குடிக்கும். அப்புறம் சாலையோரம் பானெட்டைத் திறந்து, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியதுதான். எஸ்டேட் மண்பாதையில், பின்னால் தேயிலை மூட்டையோடு, அது சுகமான வேலை அல்ல.

அதனால் அடியில் நடுவாக ஒரு லிட்டர் பிடிக்கும் சின்னக் குழிப்பெட்டி வைக்கச் சொன்னேன். பைப் அதற்குள் இறங்கி, குழியின் அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே நிற்கும், அதற்குக் கீழே சேரும் தண்ணீருக்கு ட்ரெய்ன் போல்ட். இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் லைனையும் அதே குழியில் விட்டேன், சரிவிலும் குழி வற்றாது. டீசல் அலையாமல் இருக்க குறுக்கே இரண்டு தடுப்புத் தகடு, கீழ் மூலைகளில் மட்டும் ஓட்டை. காற்று போய்வரும் வென்ட் பைப்பை மேலே வளைத்து வாயைக் கீழ் நோக்கி விட்டேன். அறுபது லிட்டராகச் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி காலியாகவே நிற்கப்போகும் பெரிய டேங்க் இன்னும் கூடுதல் ஈரக் காற்றைத்தான் சுமக்கும்.

லீக் பார்க்க கம்ப்ரஸர் ஹோஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தடுத்துவிட்டேன். சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ பிரஷர் கொடுத்தாலே 50க்கு 40 முகத்தில் 2,000 கிலோ தள்ளும், தகடு உப்பிவிடும். சைக்கிள் பம்பும் சோப்புத் தண்ணீரும் போதும். மேல் மூலை வெல்டிங்கில் ஒரு குமிழி வந்தது, அங்கேயே அடைத்தார்கள்.

எஸ்எஸ் வெல்டிங் அதிர்வில் கீறல் விடக்கூடும் என்பதால் ரப்பர் பட்டை மேல் உட்கார வைத்தேன். ரப்பர் போட்டால், டீசல் அளவைக் கேஜுக்குச் சொல்லும் மிதவை யூனிட்டுக்கு எர்த் கிடைக்காது. சேஸிலிருந்து தனி வயர் இழுத்தாயிற்று.

இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் கால் டேங்கோடு ஏறினாலும் திணறல் இல்லை. ஃபில்டர் கிண்ணத்தில் டீசல் தெளிவாக இருக்கிறது. கேஜ்தான் சரியாகவில்லை, பாதி இருக்கும்போதே காலி என்கிறது. மிதவைக் கம்பியைச் சற்று வளைக்க வேண்டும். அதுவரை மரக்குச்சி விட்டுத்தான் அளக்கிறேன்.