பழுப்பு அடிப்பூச்சு

எண்ணெய் வண்ணம் கற்ற நாளிலிருந்தே எனக்கு இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ (1571–1610) மேல் பைத்தியம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம், மீதியெல்லாம் இருட்டு. தெருவில் பார்த்தவர்களையே புனிதர்களாக நிறுத்தி வரைந்தவர். ரோமில் சான் அகோஸ்தினோ தேவாலயத்தில் இருக்கும் அவருடைய ‘லொரேட்டோ மாதா’ ஓவியத்தில், மண்டியிட்ட யாத்திரீகரின் அழுக்குப் பாதம் நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் வேலை செய்வது புதுச்சேரி முத்தியால்பேட்டையில், ஒரு மாடி அறையில். மாடலாக உட்காருபவர் வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா. காலை வியாபாரம் முடித்துவிட்டு வருவார். ஒரு நாள் வியாபாரத்தில் கையில் நிற்கும் பணத்தைக் கொடுத்துவிடுவேன். ஓசியில் உட்காரச் சொல்கிற ஓவியர்களை எனக்குப் பிடிக்காது.

சிக்கல் தோலில்தான் வந்தது. ‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று ட்யூபில் விற்பது வெளிறிய ரோஸ். அதில் எவ்வளவு பழுப்பைக் கலந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளை போகாது. கன்னம் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். வெளுத்த உடம்பில் தோல் முழுக்கவே வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. கறுத்த தோலில் அப்படியில்லை. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் சின்னச் சின்ன மினுக்கம், அதில் ஜன்னல் வழியாக வரும் வானத்தின் நீலம். அந்த நீலம் கலந்த வெள்ளையை நாலு இடத்தில் வைத்தால் முகம் எழுந்து நிற்கும்.

மீதிக்கு வழி கரவாஜ்ஜியோவிடமே இருந்தது. அவர் பழுப்பு அடிப்பூச்சின் மேல், அதாவது துணியில் முதலில் பூசிவிடும் பழுப்பு வண்ணத்தின் மேல், வரைந்தவர்; நிழல் வரும் இடங்களில் அந்தப் பூச்சையே மூடாமல் விட்டுவிடுவார். அக்காவின் கழுத்திலும் தோளிலும் வெளிச்சம் படும் இடத்திலேகூட நான் அப்படி விடலாம். அந்தப் பூச்சுக்கு நான் எடுக்கும் அம்பர் (umber) என்ற பழுப்பு மண் நிறமியில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காய்ந்தும்விடும், கடற்கரை ஈரத்தில் அது பெரிய உபகாரம்.

படத்தைப் பார்க்க வந்த ஒருவர், “முகத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கினால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன்” என்றார். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அப்ப அவரு வேற ஆளப் பாத்துக்கட்டும் தம்பி.”

சரி, படம் விற்கவில்லை. அடுத்து மீன் ஏலத்தை வரையலாம் என்றிருக்கிறேன், கரவாஜ்ஜியோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியம் போல ஆட்கள் குனிந்து கூடியிருக்கும் காட்சியாக. ஆனால் விடிந்த கடற்கரையில் வெளிச்சம் நாலா பக்கமும் பரவிவிடுகிறது. விடிவதற்கு முன்னால், ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு ஏலம் போடச் சொன்னால் கேட்பார்களா என்று அக்காவிடம்தான் விசாரிக்க வேண்டும்.