ஒரு கற்றை முடியும் ஆறு நாவல்களும்

ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த நாவல்கள் ஆறு மட்டுமே. 1775 டிசம்பர் 16 அன்று பிறந்து 1817 ஜூலையில் தமது 41ஆம் வயதில் மறைந்த அவர், அவற்றுள் நான்கைத்தான் அச்சில் கண்டார். அந்த நான்கிலும் அவருடைய பெயர் இடம்பெறவில்லை. அளவில் இவ்வளவு சிறிய எழுத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே வட அமெரிக்க ஜேன் ஆஸ்டின் சங்கம் 1979 முதல் ஆண்டுக்கூட்டம் நடத்தி வருகிறது. நூற்றுக்கணக்கான வாசகர்கள் இலையுதிர் காலத்தில் ஏதேனும் ஒரு நகரில் கூடி, பல நாள்கள் அதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அந்தச் சங்கத்தின் வரலாற்றையும் அதன் இதழில் வெளிவரும் கட்டுரைகளையும் விடாமல் வாசிப்பவன் என்ற முறையில், ஒரு நாவலாசிரியருக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் உள்ள சாட்டன் என்ற சிற்றூரில்தான் ஆஸ்டின் தம் வாழ்வின் கடைசி எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கழித்தார். நூறாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு அந்த வீடு தொழிலாளர் குடும்பங்கள் குடியிருக்கும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. 1940இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், டோரதி டார்னெல் என்ற பெண்மணி அந்த வீட்டைக் காப்பாற்றுவதற்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1947இல் எட்வர்ட் கார்பென்டர் என்ற வழக்கறிஞர், 1944ஆம் ஆண்டுப் போரில் உயிரிழந்த தம் மகனின் நினைவாக அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். 1949 ஜூலையில் அது நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.

அப்போது நடந்த சங்கக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை இந்த வரலாற்றிலேயே மிக அழகான நிகழ்ச்சி என்று சொல்வேன். ஆஸ்டினின் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கடல் கடந்து போய்க்கொண்டிருப்பதைக் குறிப்பிட்டுப் பேசிய கார்பென்டர், அவருடைய தலைமுடிக் கற்றை ஒன்றைக்கூட யாரோ ஒரு அமெரிக்கர் ஏலத்தில் எடுத்துப் போய்விட்டதாக வருந்தினார். கூட்டத்தில் அமர்ந்திருந்த ஆல்பெர்ட்டா பர்க் எழுந்தார். அந்த முடியை வாங்கிய அமெரிக்கர் தாம்தான் என்றும், சங்கம் விரும்பினால் அதை மகிழ்ச்சியுடன் கொடுத்துவிடுவதாகவும் சொல்லி அமர்ந்தார். அந்தக் கற்றை இன்று சாட்டன் வீட்டில் இருக்கிறது.

பால்டிமோரைச் சேர்ந்த ஆல்பெர்ட்டா, ஆஸ்டினின் கடிதங்களையும் பழம்பதிப்புகளையும் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தவர். பத்திரிகைகளில் ஆஸ்டினைப் பற்றி வந்த சிறு துணுக்கைக்கூட வெட்டி ஒட்டி வைத்தார். 1975இல் அவர் மறைந்த பின், கடிதங்கள் நியூயார்க்கின் மார்கன் நூலகத்துக்கும், நூல்கள் அவர் படித்த கௌச்சர் கல்லூரிக்கும் சென்றன. 1816இல் பிலடெல்பியாவில் அச்சான ‘எம்மா’ பதிப்பின் பிரதி ஒன்றும் அவற்றுள் அடங்கும். அப்பதிப்பில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1979 அக்டோபரில், நியூயார்க்கின் கிராமர்சி பார்க் ஓட்டலில் ஏறத்தாழ நூறு பேர் கூடி வட அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறுவியவர்கள் மூவர். ஆஸ்டினின் சகோதரர் வழியில் வந்தவரும் கனடாவில் வாழ்ந்த எழுத்தாளருமான ஜோன் ஆஸ்டின்-லீ ஒருவர். ஆஸ்டினின் எழுதுமேசையைத் தம் வீட்டில் பாதுகாத்து, 1999இல் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். நியூயார்க்கில் பள்ளி நிர்வாகியாக இருந்த டேவிட் கிரே இன்னொருவர். மூன்றாமவர், ஆல்பெர்ட்டாவின் கணவரும் வழக்கறிஞருமான ஹென்றி பர்க். மூவரில் ஒருவர்கூடப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பேராசிரியர்கள் அதன்பின் பெருந்திரளாக வந்து சேர்ந்தார்கள், சிறந்த உரைகளையும் ஆற்றினார்கள். ஆயினும் கூட்டத்தை அழைத்தவர்கள் வாசகர்கள் என்பதால், அந்த மேடையில் ஆய்வாளரின் மொழி வாசகருக்குப் புரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

கூட்டத்தின் அமைப்பு எளிமையானது. பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு நாவலையே பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். 2014இல் மான்ட்ரியலில் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’, 2016இல் வாஷிங்டனில் ‘எம்மா’, 2018இல் கான்சாஸ் சிட்டியில் ‘பெர்சுவேஷன்’ என்று அது சுற்றி வருகிறது. அனைவரும் கேட்கும் பேருரைகள் சில. ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும் சிறு அமர்வுகள் பல. வருகிறவர்கள் நாவலை மறுபடி வாசித்துவிட்டு வருவதால் கதைச்சுருக்கம் சொல்லி யாரும் நேரத்தை வீணாக்குவதில்லை. ‘பெர்சுவேஷன்’ நாவலின் கதாநாயகனான கடற்படை அதிகாரி வெண்ட்வொர்த் கடற்போரில் ஈட்டிய 25,000 பவுண்டு எப்படிக் கிடைத்திருக்கும் என்று கேட்டால், கைப்பற்றிய எதிரிக் கப்பலின் மதிப்பைப் பங்கிடும் கடற்படை வழக்கத்திலிருந்து பேச்சு தொடங்கும். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கில், ஆன்டிகுவா தீவில் பண்ணை வைத்திருக்கும் மாமாவிடம் ஃபேனி அடிமை வணிகத்தைப் பற்றிக் கேட்கிறாள்; அறையில் பேரமைதி நிலவுகிறது. அந்த ஒரு வரியைத் தாண்டிச் செல்லாமல் நின்று பேச முடிகிற கூட்டம்தான் எழுத்தாளரை மதிக்கிற கூட்டம். வெறும் புகழுரைகளால் நிரம்பும் விழாக்களில் இதற்கு இடமே இருப்பதில்லை.

இறுதி நாள்களில் நடக்கும் விருந்தையும் நடனத்தையும் சிலர் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். அக்கால உடைகளைத் தாமே தைத்து அணிந்து வருகிறார்கள், இரு வரிசையாக நின்று நாட்டு நடனம் ஆடுகிறார்கள். இதுவும் வாசிப்பின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். அந்த நடனத்தில் ஒரு இணை ஆடும்போது மற்றவர்கள் முறைக்காகக் காத்து நிற்க வேண்டும். ஒரே இணையுடன் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் வரும் நெதர்ஃபீல்ட் நடனத்தில் எலிசபெத்தும் டார்சியும் பேசத் தொடங்குவதும், பேச்சற்று நிற்பதும், மீண்டும் சீண்டிக்கொள்வதும் அந்த அசைவுக்கும் காத்திருப்புக்கும் ஏற்பவே அமைந்திருக்கின்றன. கால்களால் அதை அறிந்தவருக்கு அந்த உரையாடலின் தாளம் வேறு விதமாகக் கேட்கும்.

2025இல் ஆஸ்டினின் 250ஆம் பிறந்த ஆண்டுக் கூட்டம் பால்டிமோரில் நடந்தது. ஆல்பெர்ட்டாவின் ஊரைத் தேர்ந்தது மிகப் பொருத்தமானது. ஆனால் தமிழ் வாசகனாக என்னை அதிகம் ஈர்ப்பது 2020ஆம் ஆண்டின் கூட்டம். பெருந்தொற்றுக் காரணமாக இணையவழி நடந்த அந்த ஆண்டின் பொருள், ஆஸ்டின் தம் இளம்பருவத்தில் எழுதிய ஆக்கங்கள். அவற்றுள் ‘கேதரின்’ என்ற முற்றுப்பெறாத கதையை அவர் 1792இல், பதினாறு வயதில் எழுதினார். அதில் பெற்றோரை இழந்த ஒரு பெண்ணை, மாப்பிள்ளை தேடிக்கொள்வதற்காக வங்காளத்துக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அவளுக்கு வசதியான திருமணம் நடக்கிறது, மகிழ்ச்சி மட்டும் இல்லை.

இதன் பின்னே ஆஸ்டினின் சொந்த அத்தை நிற்கிறார். தந்தையின் சகோதரியான பிலடெல்பியா, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கையில் சீதனம் எதுவுமின்றி 1752இல் கப்பலேறிச் சென்னை வந்து இறங்கினார். மறு ஆண்டு பிப்ரவரியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஹான்காக்கைக் கடலூரில் மணந்தார். பின்னர் அவர்கள் வங்காளத்துக்குச் சென்றார்கள். அங்கே பிறந்த மகள் எலிசா, பிற்காலத்தில் ஜேனின் அண்ணன் ஹென்றியைத் திருமணம் செய்துகொண்டார். அத்தையின் கதையைச் சிறுமி ஜேன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்க வேண்டும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அந்தக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் இன்றும் இருக்கின்றன. திருமணச் சந்தையில் பெண்களின் நிலையை இவ்வளவு கூர்மையாக எழுதிய ஒரு நாவலாசிரியரின் குடும்பத்தில், அந்தச் சந்தையின் மிகக் கடுமையான பயணம் நம் கரையில் வந்து முடிந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடலூர் எப்படி இருந்தது, அங்கே வந்திறங்கிய இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தேர்வு என்று ஏதேனும் இருந்ததா என்பதை இங்குள்ள ஆவணங்களைக் கொண்டு எழுதத் தகுதியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கட்டுரையை எழுதி, வரும் ஆண்டுகளின் கூட்டமொன்றில் வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.