ஜென்கின்ஸ் காலியாகத் திறந்தால் முதலில் யூசரைப் பாருங்கள்

எங்கள் ஜென்கின்ஸில் (சாஃப்ட்வேர் பில்ட், டெஸ்ட் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர்; அந்த வேலைகளைத்தான் 'ஜாப்' என்கிறோம்) டேட்டா போய்விட்டது, பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் பண்ணிவிடலாம் என்று டீமில் முடிவே எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்திருந்தால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு மாற்றிய ஜாப் எல்லாம் நிஜமாகவே போயிருக்கும். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பிரௌசரில் திறந்தால் ஒரு ஜாப்கூட இல்லை. 'அன்லாக் ஜென்கின்ஸ்' என்று, புதிதாக இன்ஸ்டால் செய்தபோது வரும் அதே பக்கம். அந்தப் பக்கம் வந்தால் பாஸ்வேர்டைத் தேடி எடுத்துப் போட்டு உள்ளே போகாதீர்கள். எங்கள் டீமில் ஒருவர் அவசரத்தில் போய், சில ஜாப்களைத் திரும்ப உருவாக்கவும் ஆரம்பித்துவிட்டார். அந்த வேலை பின்னால் தலைவலியானது.

டிஸ்க்கில் குறை இல்லை. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்ட் போட்டுப் பார்த்தேன். ஜென்கின்ஸை ஓட்டும் ஜாவா ப்ராசஸின் வரியில், யூசர் பெயர் வரும் முதல் நெடுவரிசையில் 'ஜென்கின்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ரூட்' (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் யூசர்) என்று இருந்தது. விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. பேக்கேஜ் வழியாக இன்ஸ்டால் செய்த ஜென்கின்ஸ் எல்லாவற்றையும் /வார்/லிப்/ஜென்கின்ஸ் (/var/lib/jenkins) என்ற இடத்தில் வைக்கும். வார் ஃபைலை (.war, ஜென்கின்ஸ் புரோகிராம் அடங்கிய ஃபைல்) கையால் ஓட்டினால், டேட்டா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜென்கின்ஸ்_ஹோம் வேரியபிள் இல்லாதபோது, ஓட்டும் யூசரின் ஹோமில் .ஜென்கின்ஸ் என்ற ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். ரூட்டுக்கு அது /ரூட்/.ஜென்கின்ஸ். பழைய இடத்தில் போய்ப் பார்த்தேன். ஜாப்ஸ் ஃபோல்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் கான்ஃபிக் எக்ஸ்எம்எல், எல்லாம் அப்படியே இருந்தன. அப்போதுதான் மூச்சே வந்தது.

நடந்தது இதுதான். 2.479.1 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள வெர்ஷன்) தொடங்கி ஜென்கின்ஸுக்கு ஜாவா 17 ஆவது வேண்டும். அப்டேட் செய்ததும், ஜாவா 11ஐயே பிடித்துக்கொண்டிருந்த சர்வீஸ் எழவில்லை. இரவில் பார்த்தவர் ரூட்டாக லாகின் செய்து, ஜென்கின்ஸ்_ஹோம் வேரியபிளைப் பழைய இடத்துக்கு எக்ஸ்போர்ட் செய்து, ஜாவா 17ஐ வைத்துக் கையால் ஓட்டியிருக்கிறார். எல்லாம் சரியாக வந்திருக்கிறது. டெர்மினல் மூடியதும் ப்ராசஸ் நின்றுபோக, புது டெர்மினலில் திரும்ப ஓட்டினார்கள். அதில் வேரியபிள் இல்லை.

சரி, சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் போதும் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. ஜாவா பாதையை மாற்றியும் எழவில்லை. 8080 போர்ட்டை ரூட் ப்ராசஸ் பிடித்து வைத்திருந்தது. கையால் ஓட்டிய ப்ராசஸ், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கணக்கில் வராது. அதன் கமாண்டான சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். பிஐடி (ப்ராசஸின் எண்) பார்த்து நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

அதை நிறுத்திவிட்டு சர்வீஸை ஸ்டார்ட் செய்ததும் ஜாப்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் பில்ட் ஓட்டினால் பெர்மிஷன் எரர். முதல் தடவை ரூட்டாக ஓடியபோது எழுதிய பில்ட் ஃபோல்டர்கள், வொர்க்ஸ்பேஸ் ஃபைல்கள் ரூட் பெயரிலேயே இருந்தன. எல்லா யூசருக்கும் முழு அனுமதி தரும் 777 கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சீக்ரெட்ஸ் ஃபோல்டரும் அங்கேதான் இருக்கிறது. சர்வீஸை நிறுத்திவிட்டு, ஜென்கின்ஸ் யூசருக்குச் சொந்தமில்லாத ஃபைல்களை ஃபைண்ட் கமாண்டால் பட்டியல் எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அந்த ஃபோல்டர் முழுவதற்கும் ஓனரை மாற்றினேன். பில்ட் பச்சையானது.

இடையில் அந்தக் காலி ஜென்கின்ஸில் உருவாக்கிய ஜாப்களின் கான்ஃபிக்கைக் காப்பி செய்ய முடிந்தது. அவற்றுக்காகச் சேர்த்த பாஸ்வேர்டுகளைக் கொண்டுவர முடியவில்லை. ஒவ்வொரு ஜென்கின்ஸும் தன் மாஸ்டர் கீயை வைத்துத்தான் அவற்றை என்க்ரிப்ட் செய்கிறது. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிக்காது. எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்ய வேண்டியதாயிற்று.

ஜாவா பாதையை சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாகக் கொடுங்கள். 2.332.1இல் பேக்கேஜ்கள் சிஸ்டம்டிக்கு மாறியபின், /இடிசி/டிஃபால்ட்/ஜென்கின்ஸில் எழுதிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. கொடுத்தபின் சர்வரை ரீபூட் செய்து, சர்வீஸ் தானாக எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். /ரூட்/.ஜென்கின்ஸை உடனே அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அதில் யாராவது ஏதாவது செய்து வைத்திருப்பார்கள்.