மைதானத்தில் நின்ற சதுரம்

திருகோணமலையில் படித்தவர்களுக்குப் பிரட்றிக் கோட்டை வாசல் நன்றாகத் தெரியும். கோணேசர் கோவிலுக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆதர் வெல்லெஸ்லி, 1800ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கேர்ணலாக நமது துறைமுகத்துக்கு வந்து படை திரட்டியதை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் சரித்திர ஆசிரியர். நம் ஊர்க் கடற்காற்றை வாங்கியவர் என்ற உரிமையோடுதான், வெலிங்டன் பின்னாளில் நெப்போலியனை வென்ற வாட்டர்லூ போர்ப் பாடத்தையே ஆசிரியர் தொடங்குவார்.

கரும்பலகையில் மூன்று வடிவங்கள் வரைவார். வீரர்கள் நிற்கும் நீண்ட வரிசை, ஒருவர் பின் ஒருவராய் அடர்ந்த பத்தி, நடுவே வெறுமையான சதுரம். அக்காலத் துப்பாக்கியில் குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு இடிக்க வேண்டும். தேர்ந்த வீரனும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சுட முடியும். நூறு யார் தாண்டினால் குறி நிச்சயமில்லை. ஆகவே ஆட்களை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் உயிர் இருந்தது. இதைச் சொல்லி முடித்ததும் எங்களை மைதானத்துக்கு அழைத்துப்போனார். விளையாட்டறையிலிருந்த கிரிக்கெட் விக்கெட் கம்புகளைக் கையில் தந்து, முன்வரிசையை முழங்காலிடச் செய்து, நான்கு பக்கமும் கம்புகள் வெளியே நீட்டிய சதுரமாக எங்களை நிறுத்தினார். வேகமாக ஓடக்கூடிய மாணவர்கள் குதிரைப்படை. கூச்சலிட்டு ஓடிவந்தவர்கள் கம்புகளுக்கு முன்னால் தாமாகவே நின்றுவிட்டார்கள். “குதிரையும் இப்படித்தான் நிற்கும் தம்பிமார்” என்றார். பிறகு தூரத்து வேப்பமரத்தைக் காட்டி, “அங்கே ஒரு பீரங்கி இருந்தால்?” என்று கேட்டார். நெருங்கி நின்ற எங்களுக்கு உடனே விடை புரிந்தது.

அன்று குதிரைப்படையின் முன்னால் ஓடிவந்த நண்பன் இப்போது இலண்டனில் இருக்கிறான். ஈயத்தில் வார்த்த 28 மில்லிமீற்றர் வீரர்களை மாலை வேளைகளில் வர்ணம் தீட்டிச் சேர்த்து வைத்திருக்கிறான். அவன்தான் என்னை செல்சியிலுள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்துக்கு முதலில் கூட்டிச்சென்றான். வில்லியம் சிபோர்ன் என்ற அதிகாரி போர்க்களத்திலிருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்து, 70,000க்கு மேற்பட்ட சிறு உருவங்களோடு செய்த வாட்டர்லூ மாதிரி அங்கே இருக்கிறது. 1838இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இலண்டனில் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளோடு கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

நண்பனின் ஈய வீரர்களை மேசையில் பரப்பி வாட்டர்லூவை விளையாடிப் பார்த்தோம்: அவன் பிரெஞ்சுப் பக்கம், நான் வெலிங்டன் பக்கம். எங்கள் மேசையில் முழுப் போரும் அடங்காது. அந்தப் பண்ணைவீட்டையும் அதன் பின்னாலுள்ள மேட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். ஓர் உருவம் முப்பது பேருக்குச் சமம். வெலிங்டனுக்காகப் பண்ணையைக் காத்த மேஜர் பாரிங்கின் ஏறத்தாழ 400 ஜெர்மானியர்கள் பதின்மூன்று உருவங்களாக நின்றார்கள். பாரிங் மீண்டும் மீண்டும் கேட்டும் அன்று அவருக்குத் தோட்டா வந்து சேரவில்லை. எங்கள் விதியிலும் அப்படியே: ஒவ்வொரு முறை சுடும்போதும் தாளில் ஒரு கோடு, கோடுகள் தீர்ந்தால் துப்பாக்கி வெறும் தடி. மாலை ஆறு மணிக் கணக்கில் பண்ணை விழுந்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. அந்த மனிதர்கள் திறமை குறைந்து தோற்கவில்லை.

அதன்பின் நண்பன் தன் கவசக் குதிரை வீரர்களை மேட்டை நோக்கி ஏற்றினான். நான் சதுரங்கள் அமைத்தேன். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேய் போதிய காலாட்படைத் துணையில்லாமல் குதிரைகளை ஏவிக்கொண்டே இருந்தார், சதுரங்கள் நிலைத்தன. நண்பன் அப்படிச் செய்யவில்லை. குதிரைகளைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, என்னைச் சதுரம் கலைக்கவிடாமல் வைத்துக்கொண்டு, பண்ணைக்குப் பக்கத்தில் பீரங்கிகளைக் கொண்டுவந்தான். அவனை நிமிர்ந்து பார்த்தேன். “வேப்பமரம்” என்றான்.

இரண்டு சதுரங்கள் உடைந்தன. நடுவர் ஒவ்வொரு சுற்றிலும் எங்களுக்குக் காட்டாமல் பகடை உருட்டிக்கொண்டிருந்தார். வெலிங்டனுக்குத் துணையான பிரஷ்யப் படை எப்போது வரும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பிரஷ்யத் தளபதி புளூஹர் வரும்வரை நிற்பதைத் தவிர வெலிங்டனுக்கு வேறு வேலையே இல்லை என்று ஆசிரியர் சொன்னது அப்போதுதான் எனக்கு உடம்பில் உறைத்தது. அவர்கள் வந்தார்கள். நண்பன் தன் கையிருப்புப் படையைக் கிழக்கே அனுப்ப நேர்ந்தது. மேடு என்னிடமே தங்கியது.

போருக்குத் தப்பி வந்த நாம் போரை விளையாடலாமா என்று எங்கள் பழைய மாணவர் சங்க அன்பர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஆசிரியர் வாட்டர்லூ பாடத்தை வெற்றியோடு முடித்ததில்லை. வடிவங்களை அழித்துவிட்டு, ஒரு சில மைல் நிலத்தில் ஒரே நாளில் விழுந்தவர்கள், மாண்டோரும் காயப்பட்டோருமாக 40,000க்கும் மேல் என்று எழுதிவிட்டுத்தான் வகுப்பை விடுவார். நாங்களும் ஆட்டம் முடிந்ததும் அகற்றிய உருவங்களை எண்ணி முப்பதால் பெருக்கித் தாளில் எழுதுகிறோம். வென்றவர்தான் அதை உரக்க வாசிக்க வேண்டும். நான் வாசித்தேன்.

அடுத்த ஒன்றுகூடலின்போது, வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன் நடந்த லின்யி போரை மண்டபத்தின் பின்னறையில் விரிக்க இருக்கிறோம். நெப்போலியனை நண்பன் ஏற்றுக்கொண்டுவிட்டான். புளூஹருக்கு ஆள் தேவை. ஆசிரியரின் வகுப்பில் இருந்த எவரும் வரலாம். விதிகளை அரைமணி நேரத்தில் சொல்லித் தருவோம்.